கூடையைக் கவுத்து வை, பேராண்டி

வாய்யா, வா. செருப்பை அங்கயே விட்டுட்டுத் திண்ணைக்கு ஏறு. அந்த மஞ்சப்பையை மட்டும் தொடாத, கொஞ்சம் தள்ளி உக்காரு. என்ன, மூட்டை முடிச்செல்லாம் பலமா இருக்கு? சென்னையில வகுப்பா? கம்ப்யூட்டர் திருடனைப் பிடிக்கப் பாடம் நடத்தப் போறாங்களா? நடத்தட்டும், நல்லா நடத்தட்டும். ஊனமாஞ்சேரி அகாடமியில வெயில்ல ஓட விட்டு, முள்ளுல உருள விட்டு, துப்பாக்கி தூக்க விட்டு உன்னை எஸ்.ஐ. ஆக்குனாங்க. இப்ப ஏ.சி. ரூம்ல உக்கார வச்சு சுட்டெலியை உருட்டச் சொல்லித் தரப் போறாங்க. உன் தொப்பைக்கு இதுதான் தோது.

சிரிக்காத. கிழவனுக்கு என்ன தெரியும்னுதானே சிரிக்கிற? உன் டிபார்ட்மெண்டுக்கு நான் எத்தனை வருசம் மகஜர் சாட்சியா இருந்திருக்கேன், தெரியுமா? சாராய ஊறல் உடைச்ச கேசு, மோட்டார் திருட்டு, வரப்புல வெட்டு குத்து, எதுவா இருந்தாலும், "யோவ் பெருசு, கையெழுத்துப் போடத் தெரியுமில்ல, இப்படி வா"ம்பாங்க. சில நாள் தாளு வெறுமனே இருக்கும். "நீ போடு, மீதியை ரைட்டர் எழுதிக்குவாரு"ம்பாங்க. எந்த ஸ்டேஷன்னு கேக்காத, இருக்கிற ஸ்டேஷனுக்கெல்லாம் மனசு சங்கடப்படும். அப்புறம் கோர்ட்டுல வக்கீல், "பெரியவரே, நீங்க பார்த்தப்ப அந்தப் பானை எங்க இருந்துச்சு?"ன்னு கேப்பாரு. பானையைப் பார்த்திருந்தாத்தானே சொல்றதுக்கு! அப்படி நின்னு நின்னு தோத்த அனுபவத்துலதான் சொல்றேன், கேட்டுக்க. காசு வேண்டாம், ஒரு வெத்தலைக் கட்டு வாங்கிக் குடுத்துட்டுப் போ.

உன் பூட்டன் தடம் பாக்குறவரு. இந்த முந்திரிக்காட்டுச் செம்மண்ணுல மாடு களவு போச்சுன்னா அவரைத்தான் கூப்பிடுவாங்க. மனுசன் எந்திரிச்சதும் திருடன் பின்னால ஓட மாட்டாரு. வீட்டுல இருக்கிற கூடை, மொறம், ஓட்டைப் பானை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்கடாம்பாரு. கட்டுத்தறியில கிடக்கிற குளம்படி, அதுக்குப் பக்கத்துல இருக்கிற மனுசன் காலடி, ஒவ்வொண்ணா பார்த்து அது மேல கூடையைக் கவுத்து வைப்பாரு. ஏன்னு கேட்டா, "காத்து அழிக்கிறதை விட, மழை அழிக்கிறதை விட, துக்கம் விசாரிக்க வர்ற ஊரு அழிச்சிடும்டா"ம்பாரு. நிசந்தான். மாடு போச்சுன்னு கேள்விப்பட்டு வந்து நிப்பாங்க பாரு ஐம்பது பேரு, அந்த ஐம்பது பேரு காலும் திருடன் கால் மேலதான் நிக்கும்.

உன் வகுப்புல ஆறு நாள் நடத்தப் போற பாடத்துல பாதி இந்தக் கூடைதான். அதுக்கு இங்கிலீசுல பேரு வச்சிருக்காங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வீட்டுல போயி கம்ப்யூட்டரைக் கைப்பத்துறன்னு வச்சுக்க. அணைஞ்சு கிடந்தா ஏத்தாத. எரிஞ்சுக்கிட்டு இருந்தா படக்குன்னு பிடுங்கி அணைக்காத. அணைஞ்சு கிடக்கிறதை நீ ஏத்துன அந்த நிமிசமே உள்ள இருக்கிற தேதி, நேரம், குறிப்பு நூறு இடத்துல மாறிப் போகும், உன் காலடி பதிஞ்சிடும். எரியிறதை அணைச்சா, அந்த நேரம் அது ஞாபகத்துல மட்டும் வச்சிருந்த கடவுச்சொல்லு, திறந்து கிடந்த பேச்சு, எல்லாம் ஆவியாயிடும். போனா இருந்தா சிக்னல் புகாத பைக்குள்ள போடு. இல்லேன்னா நீ ஜீப்புல வர்ற வழியிலேயே திருடன் எங்கிருந்தோ ஒரு பொத்தானை அமுக்கி உள்ள இருக்கிறதைத் துடைச்சிடுவான். நீ வெறும் கண்ணாடியை மகஜர்ல எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பணும்.

முந்தியெல்லாம் டி.வி. மாதிரி இருக்கிற முகப்பை மட்டும் தூக்கிட்டு வந்துட்டு, கீழ இருந்த பெட்டியை "இது எதுக்கு, பாரமா இருக்கு"ன்னு அங்கயே விட்டுட்டு வந்த ஆளுங்க கதை சொல்லுவாங்க. கதைதான், நிசமான்னு தெரியாது. ஆனா உன் ஆளுங்களை எனக்குத் தெரியும், அதனால நம்புறேன்.

அப்புறம் நகல் எடுக்கிறது. மூலத்தை நோண்டக் கூடாது, நகல்லதான் நோண்டணும். நடுவுல ஒரு சின்னப் பெட்டியைச் செருகுவாங்க. அது இருந்தா இந்தப் பக்கத்துல இருந்து படிக்கலாம், ஒரு எழுத்துக்கூட எழுத முடியாது. நம்ம கோயில் கருவறை மாதிரின்னு வச்சுக்க, பாக்கலாம், தொட முடியாது. நகல் எடுத்ததும் 'ஹேஷ்'னு ஒரு நீள எண்ணு போடுவாங்க. அது என்னன்னு புரியலன்னா வாத்தியாரைக் கேக்காத, என்னைக் கேளு. களத்துல நெல்லு அம்பாரம் குவிச்சுட்டு ராத்திரி வீட்டுக்கு வர்றப்ப சாம்பலாலயும் சாணிப்பாலாலயும் சுத்திலும் குறி போட்டுட்டு வருவோம்ல? விடிஞ்சு போயி பாத்தா, ஒரு மரக்கா அள்ளியிருந்தாலும் குறி கலைஞ்சு கிடக்கும். அதுதான் ஹேஷ். உள்ள ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண்ணு மொத்தமும் வேற ஆயிடும். நெல்லுக்குப் போட்ட குறியை வெள்ளைக்காரன் எண்ணுக்குப் போட்டுட்டான். நாம பதிஞ்சு வைக்க மறந்துட்டோம், ராயல்ட்டி போச்சு.

இதையெல்லாம் ஒழுங்கா செஞ்சுட்டு, கடைசியில ஒரு தாளை மறந்துட்டா போச்சு, எல்லாம் குப்பை. முன்னாடி சாட்சிச் சட்டத்துல 65-பி-ன்னு இருந்துச்சு. கேரளத்துல ஒரு தேர்தல் வழக்கு. எதிராளி பிரசாரத்துல பாடுன பாட்டு, பேசுன பேச்சு எல்லாம் சி.டி.யில போட்டுக் குடுத்தாங்க. 2014 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, "சான்றிதழ் எங்கய்யா?"ன்னு கேட்டுச்சு. இல்ல. சி.டி.யை அந்தாண்ட வச்சிட்டாங்க, வழக்கும் விழுந்துச்சு. 2020 ஜூலையில மறுபடி அதையே அழுத்திச் சொன்னாங்க. இப்ப 2024 ஜூலை 1-லேருந்து சட்டத்துக்குப் பேரே மாத்திட்டாங்க, பாரதிய சாக்ஷ்ய அதினியம். அதைத் தப்பில்லாம சொல்லி முடிக்கிறதுக்குள்ள சாட்சி பிறழ்சாட்சி ஆயிடுவான். அதுல 63-ஆம் பிரிவு. சான்றிதழ் ரெண்டு பாகம், ஒண்ணு கருவியை வச்சிருக்கிறவரு குடுக்கணும், இன்னொண்ணு நிபுணர் குடுக்கணும், ஹேஷ் எண்ணையும் எழுதணும். இன்னொரு சட்டத்துல 105-ஆம் பிரிவு, சோதனை போடுறதையும் பொருளைக் கைப்பத்துறதையும் வீடியோ எடுத்தே ஆகணும்கிறான். வெத்துத் தாள்ல பெருசுகிட்ட கையெழுத்து வாங்குற காலம் மலையேறிடுச்சு பேராண்டி. எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம். ஒவ்வொரு மகஜருக்கும் ஒரு டீயும் பன்னும் கிடைக்கும்.

அழிச்சதை எடுக்க முடியுமான்னு உன்னைக் கேட்டா மார்தட்டாத. இந்த ஊரு மண்ணைப் பாரு, பதில் கிடைக்கும். நம்ம அரியலூரு, பெரம்பலூரு சீமை பல கோடி வருசத்துக்கு முன்னாடி கடலு. கடலு போயி எவ்வளவு காலம் ஆச்சு, ஆனா சுண்ணாம்புக்கல்லு வெட்டுற இடத்துல இன்னும் சிப்பி கிடக்குது, நத்தை கிடக்குது. கம்ப்யூட்டர்ல 'அழி'ன்னு அமுக்குறதும் இப்படித்தான். பட்டாவுல பேரை அடிக்கிறாங்க, நிலம் அப்படியே கிடக்கும், வேற எவனாவது வந்து அது மேல வீடு கட்டுற வரைக்கும். இப்ப வர்ற புதுப் போனுங்கள்ல அந்த வீடு சீக்கிரமா எழும்பிடுதாம், பூட்டும் பலமாம். அதனால தாமதிச்சா சிப்பியும் இல்ல, நத்தையும் இல்ல.

மண்ணைப் பத்தி பேச்செடுத்தாச்சு, முட்டைக் கதையையும் சொல்லிடுறேன். 2009-ல சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்காரங்க நம்ம செந்துறை ஓடைக்கு வந்தாங்க, டைனோசர் முட்டைன்னு சொன்னாங்க, பேப்பர்ல வந்துச்சு. உலகமே செந்துறை எங்கன்னு தேடுச்சு. நம்மாளுங்களும் ஓடைக்கு ஓடுனாங்க, எதுக்கு? தடத்தை மிதிக்கத்தான். அப்புறம் 2020 அக்டோபர்ல குன்னத்துல குளத்துல மண்ணு அள்ளுறப்ப உருண்டை உருண்டையாக் கல்லு வந்துச்சு. உடனே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல விட்டுட்டானுங்க, "டைனோசர் முட்டை, டைனோசர் முட்டை"ன்னு. விவரம் தெரிஞ்சவங்க வந்து பார்த்துட்டு, முட்டையும் இல்ல கிட்டையும் இல்ல, பழங்கடல்ல படிஞ்ச உருண்டைங்கன்னுட்டாங்க. உனக்கு வர்ற கேசு பாதி இந்த மாதிரிதான் இருக்கும். ஸ்க்ரீன்ஷாட்டுன்னு ஒண்ணை நீட்டுவாங்க. உருண்டையா இருக்குன்னு முட்டைன்னு எழுதிடாத.

எழுதுனா என்ன ஆகும்? 2007-ல பெங்களூருல ஒரு கம்ப்யூட்டர் வேலை பாக்குற பையன். ஆர்குட்டுன்னு அப்ப ஒண்ணு இருந்துச்சு. அதுல சத்ரபதி சிவாஜியைப் பத்தி எவனோ அசிங்கமா போட்டுட்டான். புனே போலீசு ஐ.பி. எண்ணை வச்சுக்கிட்டு, அந்த எண்ணு யாருதுன்னு இணையம் குடுக்குற கம்பெனியைக் கேட்டாங்க. கம்பெனி குடுத்த பேரு தப்பு. அந்தப் பையனை வீட்டுல இருந்து தூக்கிட்டுப் போயி 50 நாள் உள்ள வச்சிருந்தாங்க. ஐ.பி. எண்ணுங்கறது வாடகை சைக்கிளு மாதிரி பேராண்டி. சைக்கிள் நம்பரைப் பார்த்து ஆளைப் பிடிச்சா, அன்னைக்கு யாரு வாடகைக்கு எடுத்தான், எத்தனை மணிக்கு எடுத்தான், எத்தனை மணிக்கு விட்டான்னு பாக்கணுமில்ல? இப்ப போன்ல இன்னும் மோசம், ஒரே சைக்கிள்ல நூறு பேரு ஒரே நேரத்துல போறானுங்க. அதுவும் வெளிநாட்டுக் கம்பெனி குடுக்குற கடியாரம் பல நேரம் அந்த ஊரு கடியாரமா இருக்கும். கிரீன்விச் நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டணும். அதைக் கூட்டாம, ராத்திரி செஞ்சவனை விட்டுட்டு சாயந்திரம் கோலம் பாத்துக்கிட்டு இருந்தவனைப் பிடிச்சுட்டு வந்துராத.

உங்க ஆளுங்களைக் குறை மட்டும் சொல்றேன்னு நினைக்காத. நல்லா செஞ்சதும் உண்டு, அதுவும் யாருக்கும் இது பழகாத காலத்துல. 2004 பிப்ரவரி. சென்னையில ஒரு பொம்பளை, அவங்க பேருல யாகூ குழுவுல அசிங்கமா எழுதி, போன் நம்பரையும் போட்டுட்டான் ஒருத்தன். கண்டவனெல்லாம் கூப்பிடுறான். பொம்பளை பயப்படாம வந்து புகார் குடுத்தாங்க. சைபர் கிரைம் ஆளுங்க பம்பாய் வரைக்கும் போயி ஆளைக் கொண்டாந்தாங்க. நெட் சென்டர்க்காரங்களைக் கூட்டி வந்து சாட்சி சொல்ல வச்சாங்க. நவம்பர் மாசம் எழும்பூர் கோர்ட்டுல ரெண்டு வருசம் தண்டனை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 67-ஆம் பிரிவுக்கு இந்தியாவுலேயே முதல் தண்டனைம்பாங்க. எத்தனை மாசம்? விரல் விட்டு எண்ணு. என் வரப்புக் கேசு பத்தொன்பது வருசம் நடந்துச்சு. அதுல திருடுபோனது முக்கா அடி.

அந்தக் கேசுல பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல. கூடையைக் கவுத்தாங்க. நெட் சென்டர்ல யாரு வந்தான்னு நோட்டு இருந்துச்சு, அதைத் தேடி எடுத்தாங்க. அந்தப் பொம்பளை சொன்னதை முழுசா கேட்டாங்க. அது முக்கியம், அதுக்கு வர்றேன் இரு.

அதுக்கு முன்னாடி உன் அதிகாரத்தைப் பத்தி ஒரு வார்த்தை. கோவிச்சுக்காத. 2000-ல அந்தத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் போட்டப்ப, இந்தக் குற்றத்தை விசாரிக்க டி.எஸ்.பி.க்குக் கீழ இருக்கிறவனை நம்பல. டி.எஸ்.பி.க்கு எத்தனை பேரு, எத்தனை வேலை! புகார் குவிஞ்சு கிடந்துச்சு. அப்புறம் திருத்தி, 2009 அக்டோபர்ல இன்ஸ்பெக்டர் வரைக்கும் இறக்குனாங்க. நீ எஸ்.ஐ. அதாவது நீ படிச்சுட்டு வரலாம், பெட்டியைத் தூக்கலாம், மகஜர் எழுத ஒத்தாசை பண்ணலாம், அந்தச் சட்டத்துக் கேசுக்கு விசாரணை அதிகாரி ஆக முடியாது. நீச்சல் கத்துக் குடுத்துட்டு, கரையில நின்னு துணியைப் பாத்துக்கன்னு சொல்ற மாதிரி. பரவால்ல, இன்ஸ்பெக்டர் மூழ்குறப்ப கத்துறதுக்காவது நீச்சல் தெரிஞ்சவன் வேணுமில்ல.

சட்டம் மாறினதும் உங்களுக்குச் சொல்ல மறந்துடுறாங்க, அதையும் சொல்லணும். 66-ஏ-ன்னு ஒரு பிரிவு. பேஸ்புக்குல எவனாவது எதையாவது எழுதினா தூக்கி உள்ள வைக்கிறதுக்கு ரொம்பத் தோதா இருந்துச்சு. 2015 மார்ச் 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாதுன்னு அடிச்சுருச்சு. ஆறு வருசம் கழிச்சு 2021 ஜூலையில பாத்தா, நாடு முழுக்க ஸ்டேஷன்கள்ல அந்தப் பிரிவுலயே கேசு போட்டுக்கிட்டு இருக்காங்க. கோர்ட்டே அதிர்ந்து போச்சு. செத்த மாட்டுக்கு லாடம் அடிக்கிறான், அதுவும் கூலி வாங்கிக்கிட்டு அடிக்கிறான். உன் வாத்தியாரு சட்டப் புத்தகம் நீட்டுனா, முதல்ல எந்த வருசத்துப் பதிப்புன்னு பாரு.

இப்ப அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தைப் பாரு. ஆமாய்யா, திருடனுக்கும் பள்ளிக்கூடம் உண்டு, உன்னுதை விட ஒழுங்கா நடக்குது. தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைன்னு நம்ம பையன்களைக் கூட்டிட்டுப் போயி, ஆத்தைத் தாண்டி மியான்மர்ல மியாவடின்னு ஒரு இடத்துல அடைச்சு வச்சானுங்க. 2022 அக்டோபர்ல 13 தமிழ்ப் பையன்க மீண்டு வந்து சொன்னது பேப்பர்ல வந்துச்சு. என்ன பேசணும், எப்படிப் பேசணும்னு பாடம், ஒப்பிக்கலேன்னா அடி, கரண்ட் ஷாக்கு. அங்க எவனும் "சார், எனக்கு பந்தோபஸ்து டியூட்டி இருக்கு"ன்னு வகுப்புக்கு மட்டம் போட முடியாது. உனக்கோ 'சைட்ரெயின்'னு டில்லியில ஒரு இணையப் பள்ளிக்கூடம் வச்சிருக்காங்க, வீட்டுல இருந்தே படிக்கலாம், சான்றிதழும் உண்டு. நீ எப்படிப் படிச்சன்னு எனக்குத் தெரியாதா? போனைச் சுவத்துல சாய்ச்சு வச்சு வீடியோவை ஓட விட்டுட்டு, உள்ள போயி உங்க அப்பாயி சுட்ட பணியாரத்தைத் தின்னுக்கிட்டு இருந்த. பாடம் பூரா கேட்டது நம்ம பூனைதான். அதுக்குத்தான் சான்றிதழ் குடுக்கணும்.

இந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்'டு இருக்கே, அதை நெனச்சு நெனச்சு நான் சிரிச்சிருக்கேன், அப்புறம் சிரிப்பு நின்னுருக்கு. போலீசு உடுப்புப் போட்டுக்கிட்டு வீடியோவுல வர்றான், உன் பேருல போதைப் பார்சல் வந்திருக்குங்கறான், வீட்டை விட்டு நகராத, உன்னைக் கைது பண்ணியாச்சுங்கறான். இவனும் உக்காந்து இருக்கான், காசையும் அனுப்புறான். 2024 அக்டோபர்ல பிரதமரே ரேடியோவுல வந்து, அப்படி ஒரு கைது சட்டத்துலயே கிடையாதுன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. படிச்சவன் எப்படிய்யா ஏமாறுறான்னு எல்லாரும் கேக்குறாங்க. நான் வேற ஒண்ணைக் கேக்குறேன். பொய்ப் போலீசு ஒரு ஆளுகிட்ட எட்டு மணி நேரம் விடாம பேசுறான். என்ன சாப்பிட்ட, எங்க படுத்த, எந்த பேங்குல எவ்வளவுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டுக் குறிச்சுக்குறான். நிசப் போலீசு என்னைக்காவது எவன்கிட்டயாவது எட்டு நிமிசம் காது குடுத்திருக்கானா? குடுத்திருந்தா, எது நிசக் குரலு எது பொய்க் குரலுன்னு சனத்துக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஒரு கிழவன் கதை சொல்றேன். எந்த ஊருன்னு கேக்காத, பக்கத்துலதான். ரெண்டு ஆடு வித்த காசு 18,000 ரூபா பேங்குல போட்டு வச்சிருந்தான். ஒரு நாள் போன்ல சேதி, கரண்ட் பில்லு கட்டல, ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்ட் கட்டுன்னு. கூப்பிட்டான். எதிர்ல பேசுனவன், "ஐயா, பெரியவரே"ன்னு அவ்வளவு பதமாப் பேசுனான், பத்தே பத்து ரூபா கட்டுங்க போதும்னான், ஏதோ ஒண்ணைப் போன்ல இறக்கச் சொன்னான். அவன் பாக்குறது இவன் போனு, இவன் பாக்குறது மேல சுத்துற ஃபேனு. பத்து ரூபா போன வழியிலேயே பதினெட்டாயிரமும் போச்சு.

கிழவன் மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனான். ஏதோ ஒரு ஸ்டேஷன். பாராவுல நின்ன பையன் முழுசாக் கேக்குறதுக்குள்ள, "ஓ.டி.பி. குடுத்தியா? ஏன்யா குடுத்த?"ன்னான். உள்ள இருந்தவரு நிமிராமயே, "இந்த வயசுல உனக்கு எதுக்குய்யா டச் போனு?"ன்னாரு. சுத்தி இருந்தவனெல்லாம் சிரிச்சான். சி.எஸ்.ஆர். ரசீது கூடக் கேக்காம கிழவன் திரும்பிட்டான். வீட்டுல பொண்டாட்டிகிட்ட, ஆட்டுக் காசைச் சீட்டுல போட்டிருக்கேன்னு சொல்லி வச்சிருக்கான் பாவம், இன்னைக்கு வரைக்கும்.

பேராண்டி, உன் வகுப்புல ஆயிரம் சொல்லுவாங்க. நான் ஒரே ஒண்ணைக் கேக்குறேன். "ஏன் குடுத்த?"ன்னு கேக்குறதுக்கு பதிலா "எத்தனை மணிக்கு?"ன்னு கேக்கக் கத்துக் குடுப்பாங்களா? ஏன் குடுத்தன்னு கேட்டா அவன் தலையைத் தொங்கப் போடுவான், பாதியை மறைப்பான், மீதியைப் பொய் சொல்லுவான். எத்தனை மணிக்குன்னு கேட்டா போனை எடுத்துக் காட்டுவான். மணி தெரிஞ்சா தடம் தெரியும். அன்னைக்கே சைபர் மோசடிக்குன்னு இருக்கிற 1930 எண்ணுக்கு ஒரு போன் போட்டிருந்தா, அங்க இருந்து பேங்குக்குச் சேதி போயிருக்கும், காசு போன கணக்கைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருப்பாங்க. 2021-ல முதல்ல 155260-ன்னு ஆறு எண்ணு குடுத்தாங்க. கிழடு கட்டைங்க அதை ஞாபகம் வச்சு அமுக்குறதுக்குள்ள காசு ஆறு பேங்கு தாண்டிடும். அப்புறம்தான் யாருக்கோ புத்தி வந்து நாலு எண்ணாக்குனாங்க.

காசு எப்படித் தாண்டுதுன்னு கேளு. அந்தக் காலத்துல திருடுன மாட்டை நேரா ஒரு சந்தையில விக்க மாட்டான். ஒருத்தன் ராத்திரிக்கு ராத்திரி ஓட்டிட்டுப் போயி ஒரு காட்டுல விடுவான், அடுத்தவன் அங்க இருந்து இன்னொரு காட்டுக்கு, மூணாவது ஆளுதான் சந்தைக்கு. நடுவுல ஓட்டுனவனுக்கு மாடு யாருதுன்னே தெரியாது, ராத்திரிக் கூலி மட்டும். இப்ப மாட்டுக்கு பதிலா கழுதை. 'மியூல் அக்கவுண்ட்டு'ங்கறாங்களே. காலேஜுப் பையன் ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு ஆசைப்பட்டு, தன் பேருல பேங்குக் கணக்கு திறந்து அட்டையோட எவனுக்கோ குடுத்துடுறான். நம்ம தாலுக்காவுல அப்படி ஒருத்தனும் இல்லேன்னு நினைக்காத. நீ திருடனைத் தேடி ஜார்க்கண்டு, ஜாம்தாரான்னு ரயில் ஏறுறதுக்கு முன்னாடி, கழுதை நம்ம தெருவுலயே கட்டிக் கிடக்கான்னு பாரு.

துப்புக்கூலியும் மறுபடி வந்துருச்சு, தெரியுமா? மாடு போனவன்கிட்ட ஒருத்தன் நைசா வந்து, "பாதிக் கிரயம் குடுத்தா துப்புச் சொல்றேன்"ம்பான். குடுத்தா விடியிறப்ப மாடு ஒரு மரத்துல கட்டிக் கிடக்கும். அன்னைக்குத் திருடனுக்கு அந்த அளவு நாணயம் இருந்துச்சு. இன்னைக்குக் காசு போனவனுக்கு ரெண்டாவதா ஒரு போன் வருது, "நாங்க மீட்டுத் தர்றோம், முன்பணம் கட்டுங்க"ன்னு. கட்டுனா அதுவும் போகும். அந்தக் கிழவனுக்கும் அந்தப் போன் வந்துச்சு. கட்டல. புத்தி வந்துட்டதுன்னு நினைக்காத, கட்டக் காசு இல்ல.

எல்லை எங்க, எங்க ஸ்டேஷன் இல்ல, அந்த ஸ்டேஷனுக்குப் போன்னு எவனையும் விரட்டாத. என்னைப் பாரு. இந்தத் திண்ணையை விட்டு நான் நகரல. திருச்சி ஜில்லாவுல பொறந்தேன், 1995-ல பெரம்பலூர்க்காரன் ஆக்குனாங்க, 2001-ல அரியலூர்ன்னாங்க, 2002-ல திரும்பவும் பெரம்பலூருக்கே தள்ளுனாங்க, 2007-ல மறுபடி அரியலூருக்கு இழுத்தாங்க. எல்லைதான் என்னைத் தாண்டித் தாண்டிப் போச்சு. திருடனுக்கு எந்த ஜில்லாவும் இல்ல. எங்க வந்து சொன்னாலும் எழுதிக்கன்னு சட்டமே சொல்லுது, ஜீரோ எஃப்.ஐ.ஆர்.னு பேரு. ஜீரோன்னதும் மதிப்பில்லன்னு நினைச்சு எவனும் எழுத மாட்டேங்கறான்.

இப்ப மாவட்டத்துக்கு மாவட்டம் சைபர் கிரைம் ஸ்டேஷன் இருக்கு, ஏ.டி.எஸ்.பி. இருக்காரு, நல்லதுதான். ஆனா எனக்கு உன்னைப் பத்திதான் பயம். நீ போவ, நல்லாக் கத்துக்குவ, அறிவுள்ள பயதான். திரும்பி வந்து ஒரு கேசு எடுத்து, கூடையைக் கவுத்து வச்சு, நகல் எடுத்து, பேங்குக்கு எழுதிப் போட்டுட்டு பதிலுக்குக் காத்திருப்ப. அன்னைக்குன்னு பாத்து கல்லங்குறிச்சித் தேரு வரும், உன்னைக் கயித்துக்கிட்ட நிக்கச் சொல்லுவாங்க. தேரு நிலைக்கு வந்ததும் எலெக்சன் வரும். அது முடிஞ்சா உன்னைப் போக்குவரத்துக்கு மாத்திடுவாங்க, ஹேஷ் எண்ணு தெரிஞ்சவன் சிமெண்ட் லாரி எண்ணு குறிச்சுக்கிட்டு நிப்ப. உன் இடத்துக்கு ஒருத்தன் வருவான், குதிரைப் படையில இருந்து வந்தாலும் ஆச்சரியமில்ல. நீ கவுத்து வச்ச கூடையைப் பார்த்துட்டு, "எவன்டா இங்க கூடையைப் போட்டது?"ன்னு எடுத்து ஓரமா அடுக்கி வைப்பான். நல்ல பய, சுத்தம் பாக்குறவன்.

என்ன, பேசாம இருக்க? அந்தக் கிழவன் யாருன்னு யோசிக்கிறியா? வெத்தலைக்கு அப்புறம் போவலாம், உக்காரு.

அந்த மஞ்சப்பையை இப்ப எடு. மெதுவா. அதுக்குள்ள இன்னொரு பை, அதுக்குள்ள துண்டு, துண்டுக்குள்ள போனு. நான் அணைக்கல, அது தானா சார்ஜ் இல்லாம அணைஞ்சுது, நீ எழுதுறப்ப அதையும் எழுதிக்க. சேதி ஒண்ணையும் அழிக்கல. எத்தனை மணிக்குன்னு கேளு, சொல்றேன், சாயந்திரம் ஆறு இருபது. சித்திரை மாசம் ரெண்டாம் செவ்வாக்கிழமை. பேங்குக்காரன் அடிச்சுக் குடுத்த கணக்குத் தாளும் மடிச்சு உள்ள இருக்கு.

ஏய், ஏய், ஏத்தாத! இப்பத்தானே சொன்னேன்? முதல்ல உன் போனை எடுத்து வீடியோ பிடி, நான் பையைத் தர்றது தெரியணும். சாட்சிக்கு ஆள் வேணுமா? அந்த டீக்கடைப் பையனைக் கூப்பிடு. உங்க அப்பாயி வேண்டாம். அவ இன்னும் சீட்டு எப்ப விழும்னுதான் கேட்டுக்கிட்டு இருக்கா.